கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரக்காற்று

குவைத்தில் சண்டை மூண்டபோது என் கணவர் ஒரே ஒரு தோள்பையோடு மேலப்பாளையம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தவர். வந்தபின் வெளியே போவதே இல்லை. யார் வந்து விசாரித்தாலும் "நல்லா இருக்கேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பள்ளியில் தாவரவியல் நடத்திய என் சம்பளத்தில் வீடு ஓடியது.

மறுவருடம், உடன் வேலைபார்த்த ஆசிரியை திருவனந்தபுரத்திலிருந்து ஒரு குடுவைச் செடி கொண்டுவந்து தந்தார். இலைநுனியில் கூஜா போலத் தொங்கும் குடுவைக்குள் பூச்சி விழுந்தால் செடி அதைச் செரித்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாமென்று ஆசையாக வளர்த்தேன். ஆனி மாத வறண்ட மேல்காற்றில் குடுவைகள் ஒவ்வொன்றாகக் கருகின. தண்ணீர் ஊற்றிப் பார்த்துச் சலித்து, குப்பையில் போட எடுத்தேன்.

"அங்கன வை," என்றார் என் கணவர். "வேருக்கு ஊத்தி என்ன செய்ய? இதுக்குக் காத்துல ஈரம் வேணும்."

அவராக வாய் திறந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுநாள் பேட்டைக்குப் போய், பலகாரக்கடையில் கழித்துப்போட்ட கண்ணாடிப் பெட்டியொன்றை ஆட்டோவில் ஏற்றிவந்தார். ஜன்னலோரம் வைத்து, அடியில் தண்ணீர்த் தட்டு, மேலே டியூப்லைட், இடுக்கெல்லாம் பசை. மத்தியான வெயில் பட்டதும் பெட்டி அடுப்பாகிவிட்டது. இருந்த இலைகளிலும் பாதி வெந்து தொங்கின. மனிதர் மறுபடி மௌனத்துக்குள் போய்விடுவாரோ என்று பயந்தேன். அவரோ உள்ளே கையை விட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"புழுங்குது. பாவம், மூச்சு விட வழியில்ல."

பெட்டியை உள்சுவருக்கு நகர்த்தினார். பின்பக்கம் துளைபோட்டுச் சின்ன விசிறி பொருத்தி, அதன் முன்னால் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டார். கிணற்றுநீர் உப்பு என்பதால், மாடியில் பிடித்த மழைநீரை மட்டும் ஊற்றினோம். புது இலை வந்தது. அதன் நுனி நீண்டு, வளைந்து, உப்பியது.

ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது குரல் கேட்டது. "ஏட்டி, இங்கன வா! பைய... குடுவை மூடி திறந்துருச்சு!"

சிவந்த விளிம்போடு ஒரு குடுவை. உள்ளே கொஞ்சம் தெளிந்த நீர்.

"நாம ஊத்தலியே?"

"அதுவே ஊற வச்சுக்கிடும், மச்சான்," என்றேன்.

பிள்ளைகள் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். மாணவி ஒருத்தியின் அப்பா, மருந்துக்கடைக்காரர், செடியை விட்டுவிட்டு விசிறியையும் சாக்கையுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, கடைல பிரிட்ஜ் குளிரவே மாட்டேங்கு. கொஞ்சம் வந்து பாக்குதியளா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே போனார்.

மாலையில் கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தார். பக்கத்துக் கடைக்காரரும் கூப்பிட்டிருக்கிறாராம்.

"காலைல என்னைச் சீக்கிரம் எழுப்பிவிடு," என்றார்.