சனிக்கிழமை சாயந்திர லோடு

எழுபதுகளின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் ஃபேன் சுற்றியது என்று சொன்னால் அது பெருந்தன்மை. இறக்கைகளை நின்று எண்ணலாம்; வோல்டேஜ் அவ்வளவு கம்மி. எனக்கு அப்போது ஆறாம் மாதம். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்திவிட்டு வந்து, வியர்வையில் ஊறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிரசவம் மே மாதம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வெயிலை நினைத்தாலே அழுகை வரும். தெருவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தால்தான் விடிவு.

அடுத்த வருஷம் எந்தப் பகுதிக்கு எவ்வளவு கரண்ட் தேவைப்படும் என்று மின்சார ஆபீஸ் முன்கூட்டியே கணக்குப் போட்டு மேலே அனுப்பும். எங்கள் ஏரியா எஞ்சினியர் தாராளமாகவே எழுதியிருந்தார். எல்லா ஆபீஸும் ஊதிப் பெருக்கித்தான் எழுதுகிறது என்று சர்க்காருக்குச் சந்தேகம். சரிபார்க்கக் கோட்டையிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்து, எஞ்சினியரோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். அவர் ஒத்துக்கொண்டால்தான் டிரான்ஸ்ஃபார்மர்.

எங்கள் தெருக்காரர்களிடம் சர்க்கார் ஆள் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: இல்லை. லைட், ஃபேனுக்கு ஒரு மீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரிக் கரண்ட் இழுக்கும் சாமான்களுக்குப் பவர் மீட்டர் என்று தனியாக இருந்த காலம். பாதிப் பேர் லைட் லைனிலேயே திருட்டுத்தனமாக அயர்ன் பாக்ஸைச் செருகிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வருகிறார் என்றதும் அத்தனையும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. சபை மூப்பர்கூட வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் செய்யாத குறை. நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், “ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், அவ்ளோதான் சார்” என்று முந்திக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்க கணக்குல பாதிகூட இங்க தேறலையே” என்றார் அதிகாரி. எஞ்சினியர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

அன்று சனிக்கிழமை. ஞாயிறு ஆராதனைக்கு வேண்டிய சட்டை, புடவை, பிள்ளைகளின் கவுன் எல்லாவற்றையும் முந்தின நாள் விளக்கு வைத்ததும் தேய்த்துவிடுவது எங்கள் தெருவின் வழக்கம். சைக்கிள் போனதைப் பார்த்தவர்கள் அதிகாரியும் போய்விட்டார் என்றுதான் நினைப்பார்கள்.

“காபி சாப்பிட்டுட்டுப் போங்க சார்” என்றேன்.

ஸ்டவ்வைச் சின்னதாக எரியவிட்டேன். முறுக்கு வைத்தேன். அவருக்கு வீட்டில் பெண் பார்க்கிறார்களா என்பதுவரை விசாரித்தேன். இருட்டத் தொடங்கியது. அவர் இரண்டாவது முறுக்கைக் கடிக்கும்போது பல்பு மங்கியது. பிறகு சிவந்தது. கடைசியில் உள்ளே கம்பி மட்டும் தணலாகத் தெரிந்தது. ஃபேன் நின்றேவிட்டது.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல சார். இந்தத் தெருவுல யார்கிட்டயும் இல்லாத அயர்ன் பாக்ஸெல்லாம் வேலை செய்யுது.”

அவர் சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய், மங்கிக் கிடந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அந்த எஞ்சினியரே கம்மியாத்தான் எழுதியிருக்காரு” என்றார். அதே சமயம் உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர், பாதி தேய்த்த சட்டையோடு, “கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றார்.

டிரான்ஸ்ஃபார்மர் ஏப்ரலில் வந்தது. மே மாதம், ஆஸ்பத்திரியிலிருந்து மகளோடு வீடு திரும்பிய மத்தியானம், ஃபேன் காற்றில் அவள் தலைமயிர் பறந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். வீட்டுக்காரர் பதறிப்போய், “பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கும்” என்று ரெகுலேட்டரைத் திருப்பக் கையை நீட்டினார்.

“தொட்டுத்தான் பாருங்களேன்” என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார்.