மஞ்சள் துணிக்குள் போன ஆமைக் காசு

1. கை கழுவாமல் வந்தவர்

துரைசாமி அண்ணன் கை கழுவாமல் கடைக்குள் நுழைந்தபோதே ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. அவர் சிம்பாங் பூலாயில் கல் உடைக்கிற கல்லுமலையில் லாரி ஓட்டுபவர். முழங்கை வரைக்கும் சுண்ணாம்புத் தூள் வெள்ளையாக அப்பியிருக்கும். எங்கள் கடைக்கு வரும்போதெல்லாம் பக்கத்துக் கோப்பிக் கடைப் பைப்பில் சோப்புப் போட்டுக் கழுவி, கையைக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே வருவார். வெள்ளிக் காசைத் தொடுகிற கை என்பதில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு. அன்றைக்கு அந்தத் தூளோடேயே கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"செல்வம், என் பொண்டாட்டி வருவா. கேட்டா, அது நெசக் காசுன்னு சொல்லிடு."

"எதுண்ணே?"

"ஆமை."

"அது நெசக் காசு இல்லியேண்ணே. வாங்கறப்பவே சொன்னேனே."

"எனக்குத் தெரியும்லா! அவளுக்குத் தெரியாது. நீ சொல்லிடு, அவ்வளவுதான்."

அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசல் வரை போவார், ரோட்டைப் பார்ப்பார், திரும்பி வருவார். லாரியை இன்ஜின்கூட அணைக்காமல் ரோட்டோரம் விட்டிருந்தார்.

பிள்ளைகளே, அப்பா ஈப்போவில் காசுக் கடையில் வேலை பார்த்தேன் என்று மட்டும் உங்களுக்குத் தெரியும். காசை வைத்துக் காசு வாங்குகிற கடையில் அப்படி என்ன வேலை என்று நீங்கள் கேலி செய்வீர்கள். அந்த ஆமையைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் புரியும்.

2. அரசாங்கம் அடிக்காத காசு

ஆறாம் வகுப்போடு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியை விட்டேன். சில வருடம் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தேன். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது வேலை போய்விட்டது. ஈப்போ பழைய டவுனில் காதர் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். தபால்தலை, பழைய காசு, அவற்றை வைக்கிற ஆல்பம், இவைதான் கடைச் சரக்கு.

முதல் வாரத்தில் நான் ஒரு காசை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். முதலாளி கத்தினார்.

"தம்பி, தோசையா சுடுற? ஓரத்தப் புடி! நடுவுல வெரல் வச்சா வெரலோட எண்ணெ ஒட்டிக்கும்லா. நாளைக்குக் கறுத்துப் போயிடும்."

எழுபதுகளில் ஒரு புதுச் சரக்கு கடைக்கு வர ஆரம்பித்தது. சிங்கப்பூர் ஏஜெண்ட் ஒருவர் சின்னப் பெட்டியில் கொண்டுவருவார். உருண்டையாக, கனமாக, கண்ணாடி மாதிரி முகம் தெரிகிற வெள்ளிக் காசுகள். ஒரு பக்கம் ஒரு விலங்கு. மறுபக்கம் கிரீடம் வைத்த ஒரு ராஜா, அதைச் சுற்றி ஒரு தீவின் பெயர். அந்தத் தீவை நான் பள்ளிக்கூட மேப்பில் தேடிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு தீவும் இல்லை, அப்படி ஒரு ராஜாவும் இல்லை. எந்த அரசாங்கமும் அடிக்காமல், தனியார் பட்டறையில் சேகரிப்பவர்களுக்காகவே அச்சு செய்து அடித்த காசு. தொழிலில் இதற்கு 'பேன்டசி' என்று பெயர். வெள்ளி மட்டும் சுத்தம். அதற்கு ஓரத்தில் முத்திரை உண்டு. ஆனால் அதைக் கொடுத்து எந்தக் கடையிலும் ஒரு கோப்பிகூடக் குடிக்க முடியாது.

முதலாளி இதை விற்கும்போது முதலில் அதைத்தான் சொல்வார். பாதிப் பேர் உடனே கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். துரைசாமி அண்ணன் சிரித்தார்.

"பரவால்ல முதலாளி. செல்லுற காசுதான் என் கையில நிக்க மாட்டேங்குது. செல்லாததாவது நிக்குதா பாப்போம்."

அன்றைக்கு ஒரு யானையை எடுத்தார். பிறகு புலி, முதலை, இருவாய்ச்சிப் பறவை என்று சேர்த்தார். அந்த செட்டில் ஆமை ஒன்றுதான் பாக்கி.

3. உருக்குகிற காலம்

ஆமை கிடைக்கவில்லை. துரைசாமி அண்ணன் கல் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் கடையில் எட்டிப் பார்ப்பார்.

"வந்துருச்சா?"

"இன்னும் இல்லண்ணே."

"அந்த ஏஜெண்டு ஆமை மேல ஏறி வாரானா?"

சொல்லிவிட்டுக் கடைக்குள்ளேயே நடப்பார். கையோடு கொண்டுவந்த ஆல்பத்தைத் திறந்து அந்த வெற்று இடத்தைப் பார்ப்பார், மூடுவார். அவர் இருக்கும் வரை எனக்கும் ஒரு வேலை ஓடாது.

ஒருவழியாக ஆமை வந்தபோது வெள்ளி விலை தறிகெட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஜனங்கள் கொலுசு, குங்குமச் சிமிழ் எல்லாம் கொண்டுவந்து விற்ற நேரம். ஒரு நகைப் பட்டறைக்காரர் எங்கள் பேன்டசி சரக்கு முழுவதையும் உருக்குவதற்குக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். காதர் முதலாளி மற்ற எல்லாவற்றையும் கொடுத்தார். ஆமையை மட்டும் எடுத்து என்னிடம் தந்தார்.

"இத தொரைக்கு வையி. அவன்கிட்ட குடுத்தா உருக்கிருவான். இவன் சாவுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பான்."

துரைசாமி அண்ணன் ஆமையை வாங்கிக்கொண்டு போன அன்று, வீட்டில் இதைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று கேட்டேன்.

"பழைய ராசா காசு, மக கல்யாணத்துக்குச் சேத்து வெக்கிறேன்னு சொல்லியிருக்கேன். பின்ன என்ன? செல்லாத காச வாங்கியாந்தேன்னு சொன்னா சோறு கெடைக்குமாலா?"

நானும் சிரித்தேன். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

4. முடிச்சு

கை கழுவாமல் வந்த அன்று அவர் சொன்னது இதுதான். மகள் மாலதிக்குக் கடும் காய்ச்சல். அவள் அந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. அவர் மனைவி பாக்கியம் அக்கா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நம் ஜனம் என்ன செய்யும்? மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து மாரியம்மாவுக்கு நேர்ந்துகொள்ளும். பிள்ளை எழுந்து நடந்தால் அந்த முடிச்சைக் கோயிலில் கொண்டுபோய் அவிழ்த்துச் செலுத்த வேண்டும். அதுவரை யாரும் அவிழ்க்கக் கூடாது.

அக்கா சில்லறைக் காசு எடுக்கவில்லை. பிள்ளை உயிருக்கு நேர்கிற காசு நல்ல காசாக இருக்கட்டும் என்று ஆல்பத்தைத் திறந்து ஆமையை எடுத்திருக்கிறார். ஆமைக்கு ஆயுசு கெட்டி அல்லவா! முடிந்து பிள்ளையின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அங்கே பார்க்க வந்த அக்காவின் தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "என்னாக்கா, மச்சானோட வெளையாட்டுக் காசையா முடிஞ்சிருக்கே? அது எங்கயும் செல்லாதுலா" என்று சொல்லிவிட்டார். மச்சானே ஒருநாள் அவரிடம் பெருமையடித்த விஷயம்.

"அதுலேர்ந்து அவ சோறு தண்ணி தொடல" என்றார் துரைசாமி அண்ணன். "ஆத்தாளுக்குப் பொய்க் காசு முடிஞ்சுட்டேன், அதான் காய்ச்சல் எறங்கலங்குறா. மாத்தவும் முடியாது, அவுத்தா தெய்வ குத்தம். புள்ளயத் தூக்கிட்டுத் தோட்டத்துக் கோயிலுக்குப் போயி மன்னிப்புக் கேக்கணுமாம். அசைச்சா ஆபத்துன்னு டாக்டர் சொல்றாரு. நர்ஸு மிஸ்ஸி சத்தம் போடுது. கேக்க மாட்டேங்குறா. வித்த கடையில கேட்டுட்டு வாரேன், பொய்க் காசுன்னா புள்ளயத் தூக்கிருவேன்னு கெளம்பிட்டா. பஸ்ஸுல வாரா. நீ ஒரு வார்த்தை நெசம்னு சொல்லு செல்வம். என் புள்ள படுக்கையில கெடக்கட்டும்."

காதர் முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொர, உன் பொய்யக் கொண்டாந்து என் கடையில எறக்காத" என்றார். பிறகு அவராலும் உட்கார முடியவில்லை. "ஆனா புள்ள உசுரு..." என்று தொடங்கி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "தம்பி, வித்தது நீ. சாமியும் ஒங்க சாமி. நான் என்னத்தச் சொல்ல?"

தபால்தலைப் பெட்டியை இழுத்து, அடுக்கிய தலைகளையே மறுபடி அடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம்.

5. அக்கா கேட்டது

அக்கா வந்தார். தலை வாரவில்லை. சேலையில் ஆஸ்பத்திரி மருந்து வாடை.

"நீங்கதான் செல்வம் தம்பியா?"

"ஆமாக்கா. ஒக்காருங்க."

"ஒக்கார வரல." முந்தானை முடிச்சிலிருந்து அந்த மஞ்சள் முடிப்பை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "தொடாம சொல்லுங்க. உள்ள இருக்கறது காசா, காசில்லியா?"

"சொல்லு செல்வம், ராசா காலத்துக் காசுதானே..." என்று துரைசாமி அண்ணன் முந்தினார்.

"நீ வாயத் தொறக்காத. நான் தம்பியக் கேக்குறேன்."

பொய் என் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. அதைச் சொல்வதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்த முடிப்பு கண்ணெதிரே இருந்தது. நானும் தோட்டத்தில் பிறந்தவன். சாமிக்கு முடிந்த ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"காசில்லக்கா."

துரைசாமி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். முதலாளியின் கையில் இருந்த தபால்தலை அப்படியே நின்றது. வெளியே லாரி இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப என்னா இது? தகரமா?"

"அய்யோ, இல்லக்கா! வெள்ளி. ஒங்க கொலுசவிட சுத்தமான வெள்ளி."

"மேல பூசுனதா?"

"வெட்டிப் பாத்தாலும் உள்ளயும் வெள்ளிதான்."

"காசில்லன்னா யாரு செஞ்சா?"

"ஒரு பட்டறையில செய்யிறாங்கக்கா. அச்சு வெச்சு அடிப்பாங்க. அழகுக்கு."

"அச்சுல அடிச்ச வெள்ளி" என்று தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிக்கொண்டார். முடிப்பைப் பார்த்தபடியே நின்றார்.

பிறகு என்னைக் கேட்டார். "கோயில்ல கண்மலரு சாத்துறோம்ல, தம்பி. கால் நோவுன்னா வெள்ளிக் காலு. புள்ள வேணும்னா வெள்ளியில புள்ள உரு. அதெல்லாம் எந்த ராசா அடிச்சான்?"

அவரே தொடர்ந்தார்.

"அதுவும் பட்டறையில அச்சு வெச்சு அடிச்ச வெள்ளிதானே. அத ஆத்தா வேணாம்னா சொன்னா? நான் காசு முடியல. உரு முடிஞ்சிருக்கேன். எம்புள்ள ஆயுசுக்கு ஆமை உரு."

முடிப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"நீ எங்கிட்டப் பொய் சொன்ன. நான் ஆத்தாகிட்டச் சொல்லல. ஒன்ன அப்பறம் பாத்துக்கிறேன். லாரிய எடு. புள்ளகிட்ட என் தம்பி, அந்த ஓட்ட வாயி மட்டுந்தான் ஒக்காந்திருக்கான்."

"அப்ப கோயிலுக்குத் தூக்கிட்டுப்..."

"எதுக்கு? டாக்டர் அசைக்கக் கூடாதுங்குறாரு, காது கேக்கல?"

முதலாளி எழுந்து ஓடி, கோப்பிக் கடையிலிருந்து தன் கையாலேயே ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்தார். "தங்கச்சி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போம்மா." அக்கா நின்றபடியே முழுவதையும் குடித்தார். லாரி கிளம்பிப் போனது.

6. தோட்டத்துக் கோயில்

அதற்குப் பிறகு செய்தி இல்லை. கல் லாரி எது போனாலும் முதலாளி எழுந்து பார்ப்பார். "அவன் இல்ல" என்று உட்காருவார். ஒருநாள் துரைசாமி அண்ணன் வாசலில் நின்றே, "எறங்கிருச்சு! கஞ்சி கேக்குறா" என்று கத்திவிட்டுப் போனார். முதலாளி அன்றைக்கு முழுவதும் யாரையும் திட்டவில்லை.

மாலதி நடக்க ஆரம்பித்ததும் கோயிலுக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். கித்தா என்கிற ரப்பர் மரம் இருந்த இடமெல்லாம் எண்ணெய்ச் செம்பனை ஆகிவிட்டது. கோயில் மட்டும் அப்படியே இருந்தது. வழியில் துரைசாமி அண்ணன் என் காதில் கேட்டார்.

"செல்வம், அதே எடையில வேற வெள்ளி குடுத்தா ஆத்தா கோவிப்பாளாலா? செட்டு ஒடஞ்சுருமே."

முன்னால் நடந்துகொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னார். "எங்கிட்டக் கேளு. ஆத்தாளுக்கு முன்னால நான் கோவிப்பேன்."

அக்காதான் முடிச்சை அவிழ்த்தார். ஆமையின் கண்ணாடி முகமெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகக் கறை பிடித்திருந்தது. சேகரிப்பவர் யாரும் இனி அதைக் கையில் எடுக்க மாட்டார்கள். பூசாரி அதைக் கண்மலர்களுக்கும் வெள்ளிக் கால்களுக்கும் நடுவில் வைத்தார். துரைசாமி அண்ணன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "கும்புடும்மா, ஒன் ஆமை" என்றார்.

பிள்ளைகளே, அன்றைக்குக் கடையில் மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தோம். அந்த அக்கா உண்மையைத் தாங்க மாட்டார் என்று மூன்று பேருமே முடிவு கட்டியிருந்தோம். சாமிக்குப் பயந்து நான் உண்மையைச் சொன்னேனே தவிர, அவர் மேல் நம்பிக்கை வைத்துச் சொல்லவில்லை. எங்களுக்குத் தோன்றாத வழி, கையில் சரியான விவரம் கிடைத்ததும் அவருக்குத் தோன்றியது. நீங்களும் நாளைக்கு ஏதாவது ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள். பயந்துபோன ஒருவர் வந்து கேட்டால், அவர் எவ்வளவு தாங்குவார் என்று நீங்கள் அளக்க வேண்டாம். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்கள். இன்னொன்று கேட்டால் அதற்கும் சொல்லுங்கள். அவர் யோசித்து முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.