லேசரை மறைத்துவிட்டுப் பார்

ஜெர்மனியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நல்ல செய்தி சொன்னால் யாரும் கை குலுக்குவதில்லை. "கிளௌப் இஷ் நிஷ்ட்" என்பார்கள். நம்பமாட்டேன் என்று பொருள். வந்த புதிதில் அது எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

புரதம் ஒன்றின் மீது லேசர் துடிப்பைப் பாய்ச்சி அதை உசுப்பிவிடுவது எங்கள் வேலை. சின்க்ரோட்ரான் என்னும் பெரிய வளையத்துக்குள் சுற்றும் எலக்ட்ரான்கள் உமிழும் அகச்சிவப்பு ஒளி, அந்தப் புரதம் கணத்துக்குக் கணம் எப்படி அதிர்ந்து அடங்குகிறது என்று காட்டும். ஒருநாள் திரையில் ஓடும் வரைகோட்டில் அதுவரை காணாத மேடு ஒன்று எழுந்தது. கூட வேலை செய்யும் மார்ட்டாவைக் கூப்பிட்டேன். அவள் திரையை விட்டு என்னைப் பார்த்தாள். "கிளௌப் இஷ் நிஷ்ட். என்ன செய்தாய்?"

முகம் சூடேறியது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிப் படித்த விடுதியில் எவன் பொருள் தொலைந்தாலும் வார்டன் நேராக என்னிடம்தான் வருவார். "டேய் மலை, இன்னாடா எடுத்த? பொட்டியத் தொற." பெட்டியில் அம்மா கொடுத்த சாமை மாவுதான் இருக்கும்.

"நான் ஒன்றும் செய்யவில்லை" என்றேன், அந்தப் பழைய குரலிலேயே. மார்ட்டாவுக்கு என் கோபம் புரியவில்லை. "லேசரை மறைத்துவிட்டுப் பார்" என்றாள். மறைத்தேன். மேடு அப்படியே நின்றது. லேசரே படாதபோதும் வருகிறதென்றால் அது புரதத்தினுடையது அல்ல. கருவிக்குள் புகுந்த காற்றின் ஈரம். மறுநாள் அவளுக்கே ஒரு மேடு கிடைத்தது. அவளே லேசரை மறைத்தாள். என்னையும் வந்து சோதிக்கச் சொன்னாள். எல்லார் மீதும் ஒரேபோல விழும் சந்தேகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஜெர்மனி திரும்பும்போது தம்பி ஏழுமலை போளூர் வரை கூட வந்தான். மலையடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தி, சந்தனக்கட்டை தேடிக் காவலர் ஒருவர் ஏறினார். என் பெட்டியில், வரும்போது விமான நிலையத்தில் கட்டிய அடையாளச் சீட்டு தொங்கியது.

"சார் ஃபாரினுங்களா? உக்காருங்க சார்." பக்கத்திலிருந்த தம்பியிடம் அவர் குரல் மாறியது. "ஏய், மூட்டையில இன்னா?"

"புளிங்க. சந்தைக்கு எத்துனு போறேங்க."

"கொட்டு."

"அவன் என் தம்பிங்க. இதையும் பாருங்க" என்று என் பெட்டியைத் திறந்தேன்.

"பரவால்ல சார், உங்க மேல டவுட்டு இல்ல."

ஏழுமலை தரையில் உட்கார்ந்து, கொட்டிக் காட்டிய புளியை மூட்டைக்குள் வாரினான். நானும் குனிந்து வாரினேன்.

"நீங்க எழுந்துருங்கண்ணா, சட்ட அழுக்காயிடும்" என்றான், நிமிராமலே.

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவன் அவன். கையில் ஒட்டிய புளியோடு, உட்காரவும் முடியாமல் குனியவும் முடியாமல், ஓடத் தொடங்கிய பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன்.