மனைவி திருப்பிய தொலைநோக்கி

நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் மங்கினால், அதன் குறுக்கே ஒரு கிரகம் போகிறது என்று ஆசைப்படலாம். அந்த ஆசையில் மண்ணைப் போடுவதுதான் அவர் உத்தியோகம். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும், வெளிச்சம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஒளிக்கோடுகளைப் பதினொரு வருடமாக முறைத்துப் பார்த்து, "கிரகம் இல்லை" என்று எழுதித் தள்ளியவர். அலுவலகத்தில் அவரை இல்லையப்பன் என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரிடமே ஒன்று சிக்கியது. எழுபது நாள் இடைவெளியில் இரண்டு மங்கல், ஒவ்வொன்றும் ஆறு மணி நேரம். மூன்றாவதும் வந்துவிட்டால், அது அவர் கண்டுபிடித்த முதல் கிரகம். கணக்குப் போட்டார். வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை. உடனே தொலைநோக்கியின் அட்டவணையைப் புரட்டினார். சேர்த்துவைத்ததை அனுப்ப மாதம் ஒரு முறை தொலைநோக்கி பூமிப் பக்கம் திரும்பும், அப்போது வேறெதையும் பார்க்காது. இந்த மாதம் அது அதே ஆறு மணி நேரம்.

திரும்பும் நேரத்தை முடிவு செய்வது மேல்மாடியில் வேலை பார்க்கும் அவர் மனைவி.

"ஆறு மணி நேரம் முன்னாடி வெச்சுடேன்" என்றார் சாப்பிடும்போது.

"ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல பேசுங்க. அதுக்குப் படிவம் இருக்கு."

படிவம் கொடுத்தார். போதாததற்கு மூன்று நாள் பாத்திரம் கழுவினார். மாமியாருக்குத் தானே போன் போட்டு முழங்கால் வலியை அரை மணி நேரம் விசாரித்தார்.

"உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதான்னு அம்மா பயந்து கேக்கறாங்க" என்றாள் மனைவி. மறுநாளே நேரத்தைக் காலை ஆறுக்கு மாற்றினாள். இதுவரை யாருக்காகவும் அவள் மாற்றியதில்லை.

அடுத்த மாதம் வியாழக்கிழமையின் கோடு வந்து சேர்ந்தது. மங்கலைக் காணோம். பழைய கணக்கை எடுத்துப் பார்த்தார். முதல் மங்கலைத் தொடக்கத்திலும் இரண்டாவதை முடிவிலும் அளந்து தொலைத்திருந்தார். இடைவெளியில் ஆறு மணி நேரம் கூடிவிட்டது. கிரகம் காலையிலேயே வந்து போயிருக்கிறது, தொலைநோக்கி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தபோது. இதே பிழைக்காக எத்தனை பேரின் மானத்தை வாங்கியிருப்பார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மேல்மாடிக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னார். "நீ பேசாம இருந்திருந்தா மாட்டியிருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

"இன்னும் நாப்பது நாள்ல மறுபடி வரும். இந்தத் தடவை கணக்கை நான் போடறேன். நீங்க எது தொடக்கம், எது முடிவுன்னு மட்டும் சொல்லுங்க. அதையாவது சரியா சொல்லிடுவீங்கள்ல?"

அவருக்குக் கோபமும் வந்தது, அவள்மேல் ஆசையும் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.