கஸ்பரின் கையால் நூற்றொன்பது உயிர்

கஸ்பருக்கு வயது அறுபத்துமூன்று. அதில் முப்பத்தொரு வருடம் வோபர்னில் ஒரு மீன்கடையில் மீன் வெட்டுவதில் போயிருந்தது. மீனவர் ஊரான பாசையூரில் பிறந்தவர் என்றாலும் ஊரில் அவர் மீன் பிடித்ததும் இல்லை, வெட்டியதும் இல்லை; தபால் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். கனடாவுக்கு வந்த கிழமை வேலை கேட்டுப் போன இடத்தில், கடைக்காரர் மீராசாஹிபு "எந்த ஊர்?" என்று விசாரித்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டார். எனக்கு இது தெரியாது என்று சொல்ல கஸ்பருக்கு வாய் வரவில்லை. இப்போது மீராசாஹிபுவின் மகன் ஜவ்ஃபர் கடையை நடத்துகிறான். கஸ்பர் இன்னும் சொல்லவில்லை.

அவர் அப்படித்தான். எதற்கும் அபிப்பிராயம் சொல்லமாட்டார். "இண்டைக்குப் பாரை வேண்டாம், விளைமீன் எடுங்கோ" என்பதுதான் அவர் வாழ்க்கையில் மற்றவர்களுக்குச் சொன்ன மிக நீளமான புத்திமதி.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரூஜ் பகுதியில் இருந்த வீட்டில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் மகன் துஷாந்த் சொன்னான்.

"நானும் மின்னும் கலியாணம் கட்டப் போறம்."

உறைந்த மீன் அறுக்கும் மெசின் கஸ்பரின் செவிப்புலனில் பாதியை எடுத்திருந்தது. "என்ன மீன்?" என்றார்.

"மின் அப்பா. என்ர ரூம்மேற் எண்டு நீங்கள் ஆறு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிற மின்."

அம்மா அன்ரனெற்றுக்குச் சரியாகவே கேட்டிருந்தது. எழுந்து போய்க் கழுவி அடுக்கியிருந்த கோப்பைகளைத் திரும்பக் கழுவத் தொடங்கினார்.

"சட்டம் விடுமோ?" என்றார் கஸ்பர், ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காக.

"சட்டம் வந்து இருபது வருசமாச்சு. வர விடக்கூடாதெண்டு மாதா கோயில் வாசல்ல பெற்றிசன் வைச்சிருந்தவை. நீங்கள் சைன் பண்ணினீங்கள். எனக்குப் பதின்மூண்டு வயசு, பக்கத்தில நிண்டனான். பேனை தந்தது நான்தான்."

கஸ்பருக்கு நினைவிருந்தது. மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று மிட்லண்ட் திருத்தலத்துக்குப் போகும் பஸ்ஸுக்கு, மற்றது அது.

"பஸ்ஸுக்கெண்டு நினைச்சு வைச்சிட்டன் ராசா," என்றார்.

துஷாந்த் சோற்றைப் பிசைந்தான்.

அன்றிலிருந்து அன்ரனெற் மகனோடு பேச்சில்லை. அவன் எதிரிலேயே இருந்தாலும் "உவனைக் கறி போட்டுச் சாப்பிடச் சொல்லுங்கோ" என்று கணவரிடம் சொல்வார். கஸ்பர் அதை வார்த்தை மாறாமல் மகனிடம் சொல்வார். பழைய தபால் கந்தோர்க்காரருக்கு அது சிரமமாக இல்லை.

பங்குனியில் மின்னுடைய தாய், மிசிஸ் லான், பிறம்ரனிலிருந்து ஒரு பெட்டி தோடம்பழத்தோடு, மின்னையும் துஷாந்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர், தையல்கடை வைத்திருந்தவர், காலை மாலை புத்தரைக் கும்பிடுபவர். அன்ரனெற் குசினியை விட்டு வெளியே வரவில்லை. கஸ்பரும் லானும் ஆளுக்கொரு உடைந்த ஆங்கிலத்தில் பேசினார்கள்.

"மிஸ்டர் கஸ்பர், என்ன வேலை செய்யிறீங்கள்?"

"மீன் வெட்டுறன்."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"நூறு வரும். சனிக்கிழமையில இருநூறு."

"எத்தினை வருசம்?"

சொன்னார். லான் கண்களை மூடிக்கொண்டார். சொண்டுகள் மட்டும் அசைந்தன. பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே பனிக்குள் போனார். பத்து நிமிடத்தில் மின் மட்டும் முகம் சிவந்து திரும்பி வந்தான்.

"அம்மா யோசிக்க வேணுமாம் அங்கிள்."

"ரெண்டு பேரும் ஆம்பிளையள் எண்டதாலயோ?"

"இல்லை. அதுக்கு அவ ஆறு வருசம் அழுது முடிச்சிட்டா. ஒரு உயிர் இன்னொரு உயிரில அன்பு வைச்சா அதில பாவமில்லையாம். இது மீனால. இவ்வளவு உயிர் போன வீட்டில நான் எப்பிடிக் கலியாணம் கட்டுறதெண்டு கேக்கிறா."

குசினிக் கதவு திறந்தது. அன்ரனெற் கையில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார்.

"என்ன குறையாம் எங்கட பிள்ளைக்கு?" ஐந்து கிழமைக்குப் பிறகு மகனைப் பார்த்து நேரடியாகக் கேட்டார்.

"குறை என்னிலையில்லை அம்மா. அப்பான்ர வேலையில."

"இந்த மனுசன் களவோ எடுக்கிறார்? இந்தக் கை வெட்டின மீனிலதான் நீ பிசியோ படிச்சனி. பிறம்ரனில இருந்து வந்து எங்களைக் குறைவெண்டு சொல்லிப்போட்டுப் போக ஏலாது. இந்தக் கலியாணம் நடக்கும். எப்பிடி நடக்காமப் போகுதெண்டு நான் பாக்கிறன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது. தட்டை மேசையில் வைத்தார். பிறகு மின்னிடம், "சீனி போடவோ?" என்று கேட்டார்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அன்ரனெற் மனத்தாங்கலை இறக்கி வைத்தார். மகனுக்குப் பேசின இடம் மறுப்புச் சொல்லுது, தகப்பன்ர வேலை சரியில்லையாம் என்றார். ஆறு பெண்களும் கொதித்துப் போனார்கள். இப்படித் திமிர் பிடித்த சம்பந்தி வீட்டாருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரே குரலில் சொன்னார்கள். அந்தக் கருத்துக்காக ஒரு செபமாலையே சொல்லி முடித்தார்கள். அதன் பிறகுதான் ஒருவர், "பொம்பிளை என்ன படிச்சவ?" என்று கேட்டார். விசயம் தெரிந்தபோது செபத்தைத் திரும்பப் பெற வழியிருக்கவில்லை.

லான் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். கலியாணத்தன்று காலையில், சாகக் கிடக்கும் நூற்றெட்டு உயிர்களைக் கஸ்பர் தன் கையால் விடுதலை செய்யவேண்டும். விபரம் பேசக் கஸ்பரைத் தங்கள் விகாரைக்குக் கூப்பிட்டார். அது ஒரு கார் ரயர் கடைக்கும் பயண முகவர் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே மஞ்சள் விளக்குக்குக் கீழே ஆளுயரப் புத்தர்.

கஸ்பர் கடைசியாகப் புத்தரை அருகில் பார்த்தது ஊரில், ஆமிக்காம்ப் வாசலில். அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை உயர்த்திக் காட்டியபடி உருட்டிக்கொண்டு போகவேண்டும். இப்போது சிலைக்கு முன்னால் நின்றதும் அவருடைய கை தன்பாட்டில் பின் பொக்கற்றுக்குள் போய்ச் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து நீட்டியது. புத்தருக்கு முன்னால் அதை உயர்த்திப் பிடித்தபடி நின்ற பிறகுதான் வெட்கம் வந்தது. கையை இறக்கவும் தெரியவில்லை.

லான் தன் கைப்பையைத் திறந்தார். தன்னுடைய அனுமதிப்பத்திரத்தைத் தேடி எடுத்தார். அதே மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். விகாரைப் பிக்குணி தண்ணீர்ச் செம்போடு வந்தவர் இருவரையும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

அப்படி நின்றபோதுதான் கஸ்பர் சொன்னார். "மிசிஸ் லான், மீன் மட்டுமில்லை. பெற்றிசனில நான் கையெழுத்து வைச்சனான். பிள்ளையளின்ர கலியாணச் சட்டத்துக்கு எதிரா. மகனுக்குப் பஸ் தாள் எண்டு பொய் சொன்னனான். வாசிச்சுப் போட்டுத்தான் வைச்சனான். எல்லாரும் வைச்சினம்."

லான் யோசித்தார்.

"நூற்றொன்பது," என்றார்.

இனி உயிர் தேடவேண்டும். கஸ்பர் கடைத் தொட்டியிலிருந்து மூன்று திலாப்பியாவை வாளியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஏரியில் விடலாமா என்று அரசாங்க அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டால், கடையில் வாங்கிய மீனை எந்த நீர்நிலையிலும் விடக்கூடாது, விட்டால் தண்டம் என்றார்கள். மண்புழுவைப் பற்றிக் கேட்டார், அதற்கும் இல்லை என்றார்கள். "அப்ப எந்த உயிரைத்தான் விடலாம்?" என்று கஸ்பர் கேட்டார். அந்தப் பெண் அவரை வேறொரு பகுதிக்கு மாற்றிவிட்டாள். அங்கே அரை மணிநேரம் பாட்டுப் போட்டார்கள். வாளிக்குள் நீந்திய மூன்றையும் சமைக்க அன்ரனெற்றுக்கு மனம் வரவில்லை. கடைசியில் மின் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கித் தங்கள் கொண்டோ வீட்டுக்குக் கொண்டு போனான்.

வழி கண்டுபிடித்தவரும் அன்ரனெற்தான். பூங்கன்றுக் கடையில் பொறிவண்டு விற்கிறார்கள். செடிப் பேனைத் தின்பதற்காகத் தோட்டத்தில் விடுவது. ஒரு பையில் ஆயிரத்து ஐந்நூறு. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் லானுக்கு ஒரு சந்தேகம்: வண்டை விட்டால் செடிப்பேனின் கதி? ஒரு கிழமை இதில் இழுபட்டது. கடைசியில் பிக்குணியிடம் போனார்கள். "வண்டுக்கும் பசிக்கும்தானே," என்று சொல்லிவிட்டு அவர் மண்டபம் கூட்டப் போய்விட்டார்.

விருந்து மண்டபம் பதியப் போன அன்ரனெற்றுக்கு வேறு சிக்கல். மனேச்சர் இராஜரட்ணம் கொம்பியூட்டருக்கு முன்னால் வேர்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு ஒரு ஆட்சேபமுமில்லை. மாப்பிளை பேர் அடிச்சாச்சு. பொம்பிளை பேர் அடிக்காட்டி இது அடுத்த பக்கத்துக்குப் போகுதில்லை."

"பொம்பிளை இல்லை, தம்பி."

"அதை எப்பிடி அக்கா அடிக்கிறது?"

"நான் சொன்ன மாதிரியே அடியும்."

ஆனி மாதச் சனிக்கிழமை விருந்தினர்கள் வந்தபோது வாசல் திரையில் பூ மாலைகளுக்கு நடுவே "துஷாந்த் – இல்லை" என்று ஒளிர்ந்தது. பிரான்ஸிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர், 'இல்லை' எந்த ஊர்ப் பிள்ளை, தகப்பன் ஆர் என்று வரவேற்பில் நின்ற எல்லாரிடமும் விசாரித்தார். விடை சொன்னவர்களிடம் கோபித்துக்கொண்டு போனவர், சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்.

ஆனால் அது பின்னேரம். காலையில் விகாரையில் பிக்குணி இருவருக்கும் மணம் செய்து வைத்த பிறகு, எல்லாரும் ரயர் கடைக்குப் பின்னால் இருந்த புல் துண்டுக்கு வந்தார்கள். கஸ்பர் கோட் சூட்டோடு பையை அவிழ்த்தார். ஒன்றும் பறக்கவில்லை. இரவு முழுவதும் பிறிஜ்ஜில் இருந்த வண்டுகள் சிவப்புப் பருப்பைப் போலக் கிடந்தன. ரயர் கடைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்ரனெற் வாய்க்குள், "செத்துப்போச்சுதோ?" என்றார். லானின் முகம் வெளுத்தது.

கஸ்பர் ஒரு பிடி அள்ளி, இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடமாக அந்தக் கைக்கு வந்தது எல்லாமே குளிர்ந்துதான் வந்தது, குளிர்ந்துதான் போனது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். உள்ளங்கையில் ஏதோ கிச்சுக்கிச்சு மூட்டியது. பிறகு மணிக்கட்டில், பிறகு சட்டைக்கைக்குள். விரல்களைத் திறந்தபோது ஒன்று செட்டையை விரித்து எழும்பியது. அதன் பின்னால் மற்றவை எழும்பின. கூட்டம் முழுவதும் கோட்டிலும் சேலையிலும் பிக்குணியின் தலையிலும் ஏறியது. லான் எண்ணத் தொடங்கி, நாற்பதில் விட்டுவிட்டார்.

துஷாந்த் தகப்பனின் கொலரில் ஊர்ந்ததை எடுத்துவிட்டான்.

"ராசா," என்றார் கஸ்பர். "அந்தத் தாளை நான் வாசிச்சனான். பஸ்ஸெண்டு சொன்னது பொய்."

"தெரியும் அப்பா. பஸ் தாள் பச்சை நிறம்."

கஸ்பர் திரும்பி மகனைப் பார்த்தார். "அசையாதைங்கோ, காதில ஒண்டு," என்றான் துஷாந்த். அதையும் எடுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை கஸ்பர் வழமைபோல வேலைக்குப் போனார். மீன் வெட்டினார். வேறு வேலை அவருக்குத் தெரியாது. லானுக்கும் அது தெரியும். சனிக்கிழமைகளில் அவர் பிறம்ரனிலிருந்து மூன்று பஸ் ஏறிக் கடைக்கு வரத் தொடங்கினார். மற்றவர்களைப் போல நம்பர் துண்டு எடுத்து வரிசையில் நிற்பார். தன் நம்பரைக் கூப்பிட்டதும் முன்னால் வந்து, ஐஸில் கிடக்கும் மீன்களுக்கு மேலே கண்களை மூடிக் கைகுவித்து ஒரு நிமிடம் நிற்பார். ஒன்றும் வாங்காமல் போய்விடுவார். பின்னால் நின்றவர்கள் அவர் மணந்து பார்க்கிறார் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் தாங்களும் குனிந்து மணந்து பார்த்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை ஜவ்ஃபர் கேட்டான்.

"கஸ்பர் அண்ணை, அந்தப் பொம்பிளை ஆர்? ஒவ்வொரு கிழமையும் வாறா, ஒண்டும் எடுக்காமப் போறா."

வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள். அதில் மூன்று பேர் அவருடைய கோயில்காரர். தெரிஞ்ச ஆள் என்று சொல்லியிருக்கலாம். கஸ்பர் செதிள் வழித்துக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்தார்.

"என்ர சம்பந்தி," என்றார். "மகன்ர மனுசன்ர அம்மா."

கோயில்காரரில் ஒருவர் கையிலிருந்த நம்பரை உற்றுப் பார்த்தார். ஜவ்ஃபர் தாடியைத் தடவினான்.

"உங்கட சம்பந்தி என்னத்துக்கு அண்ணை லைன்ல நிக்கிறா? நேர உள்ளுக்கு வரச் சொல்லுங்க."

"சொல்லிப் பாத்தனான். வரிசையில நிண்டு வரத்தான் அவவுக்கு விருப்பமாம்."

ஜவ்ஃபர் தலையாட்டிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டான். கோயில்காரர் முன்னால் வந்து, விளைமீன் நல்லதா என்று கேட்டார்.

"இண்டைக்கு வேண்டாம்," என்றார் கஸ்பர். "பாரை எடுங்கோ."