கட்டிலிலிருந்து நாற்காலி வரை

ஜிம்முக்குப் போகிற வயதா இது என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில், இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். விடிவதற்குள் வேலைக்கு வந்துவிட வேண்டும். ஈரம் காயாத படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் கொடுத்து, மறுபக்கம் கொதிக்கக் கொதிக்க வருவதை வாங்கி மடித்து அடுக்க வேண்டும். அங்கே எல்லாருக்கும் அவள் இஸ்திரி அக்கா. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மதியம் ஷிப்ட் முடியும்போது கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து போயிருக்கும். அப்படிப்பட்டவள் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த ஜிம்முக்குக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறினாள் என்றால் காரணம் இல்லாமலா?

காரணம் வீட்டில் கட்டிலில் கிடந்தார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். ஸ்டியரிங் பிடித்த தோள், சீட்டை நிறைத்த உடம்பு. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. வாயிலும் சில வார்த்தைகள்தான் மிச்சம். புத்தி மட்டும் துளியும் குறையவில்லை. காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்து மேஜையில் மதியச் சாப்பாட்டு டப்பாவை இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுப் போவாள். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஒரு சாவி இருந்தது. நடுவில் அவர் ஒரு தடவை மேலே வந்து எட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் தூக்கும்போது அவளுடைய இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அப்படியே தரையில் விழுந்தார்கள். அவர் மேலே, அவள் கீழே. அவரைப் புரட்டவும் முடியாமல் எழவும் முடியாமல், தையல்காரர் சத்தம் கேட்டு வருகிற வரைக்கும் அப்படியே கிடந்தாள். வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

செய்தி வெளியூரில் இருந்த மகளுக்குப் போனது. மகள் போனில் அழுதாள், கத்தினாள், கடைசியில் நிதானமாகச் சொன்னாள். "உன்னால முடியலம்மா. ஒத்துக்கோ. அப்பாவ முதியோர் ஹோம்ல விட்டுடலாம். என் ஆபீஸ் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன், சுத்தமா இருக்கு."

"என் வீட்டுக்காரர எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்ல? அப்ப ஒண்ணு பண்ணு. பசங்க ஸ்கூல் லீவுக்கு வரேன். என் கண் முன்னால நீ தனியா அப்பாவ தூக்கி நாற்காலியில உட்கார வை. முடிஞ்சா நான் வாய மூடிக்கறேன். முடியலன்னா நீ வாய மூடிக்கோ."

பெண்ணைக் குறை சொல்ல முடியாது. இந்த ரோஷம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன?

ஜிம்மில் சொல்லிக்கொடுப்பவள் மகள் வயதுப் பெண். எல்லாரும் கோச் என்பார்கள். சுவரில் ஒரு பெரிய போர்டு மாட்டி, வயதுவாரியாகக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். இருபதுகளில் இருப்பவர்கள் வருகிற ஒவ்வொரு தடவையும் தூக்குகிற இரும்பு ராடில் எடை கூட்டலாம். நடு வயதுக்காரர்கள் வாரத்துக்கு ஒரு தடவை. ஐம்பதைத் தாண்டியவர்கள் மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான் கூட்டலாம். அதுவும் மூன்று வாரம் தூக்கினால் நான்காவது வாரம் எடையைக் குறைத்துவிட வேண்டும். ரிடயரான தபால்காரர் ஒருவர் அந்தக் கடைசிக் கட்டத்தில் சமர்த்தாக இருந்தார். முதல் கட்டத்தில், கல்யாணத்துக்குள் தோளை அகலமாக்கியே தீருவேன் என்று ஒரு பையன் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தான். அவனை எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

"குறைக்கறதா? நான் ஏத்த வந்திருக்கேன்மா," என்றாள் இஸ்திரி அக்கா.

"வயசானாலும் பலம் வரும்க்கா, வராதுன்னு யார் சொன்னா? ஆனா தூக்கும்போது வராது. தூக்கிட்டு ஓய்வா இருக்கும்போதுதான் வரும். மாப்பிள்ளைக்கு ஒரு ராத்திரி தூங்கினா போதும். உங்களுக்கு நாலஞ்சு நாள் வேணும். அவசரப்படாதீங்க."

அவசரப்படாதே என்று யாரிடம் சொல்கிறாள்? ஸ்கூல் லீவு ஓய்வெடுத்துக்கொண்டா வரும்? அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். கோச் தபால்காரரின் முழங்காலைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, ராடின் இரண்டு பக்கமும் சின்ன எடைப் பிளேட்டை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். கடைசிக் கட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

முதலில் எல்லாம் ஜோராகத்தான் போனது. உடம்புக்கே ஆச்சரியம். முதுகை நேராக வைத்து, காலால் தரையை அழுத்தி எழுகிற வித்தை பிடிபட்டதும், சலவைக் கூடையைத் தூக்குவதுகூட லேசாகிவிட்டது. வீட்டிலும் அதே வித்தைதான். அவருடைய முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து, அக்குளுக்குக் கீழே கையைக் கோர்த்து, ஒரு மூச்சில் எழுப்பித் திருப்பி உட்கார வைத்துவிடுவாள். "பாத்தீங்களா, உங்க பொண்டாட்டி பயில்வான்," என்பாள். அவர் ஒரு பக்க வாயால் சிரிப்பார்.

அப்புறம் ராடு நின்றுவிட்டது. அதே எடை, நகர மாட்டேன் என்றது. அடுத்த வாரம் அதுவும் முடியவில்லை, கழற்ற வேண்டி வந்தது. தூக்கம் கெட்டது. இடுப்பில் பழைய இடத்தில் சுருக்கென்றது. பஸ்ஸில் உட்கார்ந்தால் எழ மனம் வரவில்லை. களைப்பு என்று சொன்னால் போதாது. எலும்புக்குள் ஈரத் துணி திணித்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் வீட்டில் மட்டும் அவர் நாளுக்கு நாள் சுலபமாக எழுந்து வந்தார். அதுதான் அவளைத் தாங்கியது. ராடு கிடக்கிறது, ராடையா ஹோமுக்கு அனுப்பப் போகிறார்கள்?

கோச் ஒரு நாள் பிளேட்டுகளைப் பார்த்துவிட்டாள். கோபமாகத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"எத்தன நாளா இப்படி?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"அதான் உடம்பு உக்காந்துடுச்சு. போன மாசத்தவிட இப்ப உங்களுக்குப் பலம் கம்மிக்கா."

"அதெப்படி? வீட்ல அவர பூ மாதிரி தூக்கறேன். முன்னவிட சுலபமா வராரு."

கோச் ராடிலிருந்து ஒரு பிளேட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "அவர் எவ்வளவு எடை இருக்கார்க்கா, இப்ப?"

அந்தக் கேள்வி அவளோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது. அன்று சாயங்காலம் அவருக்கு உடம்பு துடைத்துவிடும்போது முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து பார்த்தாள். தினமும் துடைக்கிற உடம்புதான். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாக டப்பா என்னவோ காலியாகத்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது. ராத்திரியில் மட்டும் ரெண்டு வாய்க்கு மேல் "போதும்" என்பார். வயதானால் பசி குறையும் என்று விட்டிருந்தாள்.

மறுநாள் பர்மிஷன் கேட்டு, ஷிப்ட் முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்தது. தையல்காரரின் நாய், உருண்டு திரண்டு, அவர்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து ஒரு இடது கை நீண்டது. ஒரு ரொட்டித் துண்டு விழுந்தது. பிறகு பாதி முட்டை.

அவள் எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்ததும் அவர் கை டப்பாவின் மேல் அப்படியே நின்றது. திருடிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பையன் முகம்.

"நான் அங்க முதுகு ஒடிய தூக்கிட்டிருக்கேன். நீங்க இங்க நாய்க்கு விருந்து வைக்கறீங்களா?" குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "எதுக்கு? செத்துப் போறதுக்கா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை. வாய் திறந்து திறந்து மூடியது. வார்த்தை வருவதற்குள் அவளுக்கு இரண்டு தடவை அழுகை வந்து அடங்கியது.

"இங்க..." என்றார். "இருக்கணும்." இடது கையால் தன் மார்பைத் தட்டினார். "வெயிட்டு... பாவம் நீ."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதம் முழுக்கத் தன் கைக்கு வந்த பலம் என்று நினைத்தது எல்லாம் அவர் சாப்பிடாமல் குறைத்த எடை. அன்று முழு டப்பாவையும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். போதும் என்றார். போதாது என்றாள்.

அதற்கப்புறம் கோச் சொன்னபடி கேட்டாள். எடை பாதியானது. தபால்காரர் பக்கத்தில் நின்று, அவர் தூக்குவதைவிடக் குறைவாகத் தூக்கினாள். நடுவில் நாட்கணக்கில் தூக்காமலும் இருந்தாள். மாப்பிள்ளை ஏதோ கிண்டல் செய்தான், அதையும் வாங்கிக்கொண்டாள். இடுப்பு மெல்ல அடங்கியது. ஆனால் அவர் சாப்பிடச் சாப்பிட எடை ஏறியது. அவளுடைய பலம் போர்டில் எழுதிய வேகத்தில்தான் ஏறியது. எது முந்தும் என்று கோச்சுக்கும் தெரியவில்லை.

லீவு வந்தது, பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மகளும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா நன்றாகச் சாப்பிட்டிருந்தார்; அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கூட ஒரு முட்டை சாப்பிட வைத்திருந்தாள். மகள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். வேண்டாம் என்று சொல்லவும் மனதில்லை, விடவும் மனதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அம்மா காலை அகட்டி முட்டுக்கொடுத்தாள். கையைக் கோர்த்தாள். முதல் தடவை அவர் அசையவில்லை. மகள் ஒரு அடி முன்னால் வந்தாள். "நில்லு," என்றாள் அம்மா, திரும்பாமலே. மூச்சை இழுத்து, பாதத்தால் தரையை அழுத்தினாள். அவர் முழு எடையோடு எழுந்து வந்தார். துளியும் குறையாத எடை. திரும்பினாள். நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "ஒத்துக்கறேன்மா. நான் வாய மூடிக்கறேன். நீ இன்னும் பத்து வருஷம் இப்படியே தூக்குவ, பாரு."

அம்மாவும் சிரித்தாள். பத்து வருஷம் என்ற வார்த்தை உள்ளே போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. மகள் ஹோமில் வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாள், அப்பாவின் கன்னத்தைத் தடவினாள், மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினாள். ஜெயித்தாகிவிட்டது. இனிமேல் உன்னால் முடியுமா என்று கேட்க ஆளில்லை.

வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அவருக்குக் கழுத்து சாய்ந்திருந்தது. படுக்க வேண்டிய நேரம். நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு கையால் இடுப்பை அழுத்திக்கொண்டாள். அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறேன்," என்றார்.

"எங்க?"

"அங்க. ஹோம்."

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன இடைவெளி இரண்டு பேருக்கும் கேட்டது. அவர் அதற்காக வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை; அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.

"முடியலன்னா நானே சொல்லுவேன்," என்றாள் கடைசியில். "உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன். மறைக்க மாட்டேன். நீங்களும் மறைக்கக் கூடாது."

அவர் தலையாட்டினார்.

"இப்ப முடியும். கைய என் தோள்மேல போடுங்க," என்று சொல்லிக் குனிந்தாள்.