குடலை நம்பியவரும் காதலை நம்பியவரும்

எனக்குப் பெருங்குடலில் புண். வருடக்கணக்காக இருக்கிறது. மாத்திரைக்கு அடங்கும், திடீரென்று ஒரு நாள் கிளம்பும். கிளம்பினால் கழிப்பறைக்கு ஓட வேண்டும், ரத்தமும் போகும். ஒருமுறை கீரனூர் போகும் பஸ்ஸில், மூச்சுவிட இடமில்லாத கூட்டத்தில், அடக்க முடியாமல் போய்விட்டது. துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். அதன்பிறகு என்னால் பஸ் ஏற முடியவில்லை. படிக்கட்டில் கால் வைத்தாலே வயிறு இழுத்துப் பிடிக்கும். வீடோ புதுக்கோட்டையில், நான் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் பள்ளியோ கீரனூரில்.

நான் சேர்ந்து வாழ்கிற பெண் புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். தினமும் காலையில் என்னை ஸ்கூட்டரில் கீரனூரில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து டூட்டிக்குப் போவாள். சாயங்காலம் மறுபடி வருவாள். லாரிப் புழுதியில் அவளுக்கு இருமல் நிற்கவே இல்லை. குடல் டாக்டரிடம் சொன்னேன். "மருந்து வேலை செய்யுதும்மா. மிச்சம் இருக்கறது பயம். ஒரு நல்ல கவுன்சிலரப் பாருங்க" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

புதுக்கோட்டையிலேயே ஒரு ஆஸ்பத்திரி மாடியில் ஓர் அம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வாசலில் செக்யூரிட்டியிடம் கவுன்சிலரைப் பார்க்க வேண்டும் என்றேன். "எந்த வார்டு கவுன்சிலரு?" என்றார். மனசுக்குப் பார்ப்பவர் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்கிட்டுப் போங்க" என்று கை காட்டினார்.

அந்த அம்மா என் நோயை நன்றாகவே கேட்டார். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னபோது முகம் சுளிக்கவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

கல்யாணம் ஆகவில்லை, வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்ணோடுதான் வாழ்கிறேன், இதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பஸ்ஸுப் பயம் இருக்கட்டும்மா. மொதல்ல இதச் சரி பண்ணுவோம். இது சரியானா கொடலு தானா சரியாயிரும். அடுத்த வாட்டி அம்மாவக் கூட்டிட்டு வாங்க."

"மேடம், நான் வந்தது பஸ் ஏறறதுக்கு."

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்கும்மா. ஒங்களுக்குத் தெரியாது."

அங்கே திரும்பப் போகவில்லை.

அடுத்தது திருச்சி. இளைஞர். எங்களைப் போன்றவர்களுக்கும் இடம் உண்டு என்று சொல்கிற வானவில் ஸ்டிக்கரைக் கதவிலேயே ஒட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் இவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளையும் உள்ளே வரச்சொல்லி நாற்காலி போட்டார். "நீங்க ரெண்டு பேரும் ரொம்ப தைரியசாலிங்க" என்றார். தைரியம் இருந்தால் பஸ்ஸில் வந்திருப்பேன். வெயிலில் ஸ்கூட்டரில் வந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. நோயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையமர்த்தினார்.

"உண்மைய உள்ள அடக்கி வச்சா அது உடம்புல எங்கயாவது வெளிய வரும். உங்களுக்குக் குடல்ல வருது. வீட்ல சொல்லிருங்க. சொன்ன அன்னிக்கே பாதிப் புண்ணு ஆறிரும். மாத்திரையக்கூட மெல்லக் கொறச்சுக்கலாம்."

"டியூப் விட்டுப் பாத்து, சதை எடுத்து டெஸ்ட் பண்ணுன புண்ணு சார் இது. எங்கப்பாகிட்டச் சொன்னா கொடலு ஆறாது, உருவிருவாரு."

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு வயிறு கிளம்பியது. கழிப்பறை எங்கே என்றேன். வெளியே வரவேற்பில் இருந்த பெண், அது ஸ்டாஃபுக்கு மட்டும், பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றாள். நான் படியிறங்கி எதிரே இருந்த ஓட்டலுக்கு ஓடினேன். நல்லவேளை, திறந்திருந்தது. முகம் கழுவிவிட்டு வெளியே வந்தபோது இவள் என் கைப்பையோடு வாசலில் நின்றாள். திரும்ப மேலே போகாமல் அப்படியே வண்டி ஏறினோம்.

கீரனூர் வந்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினாள். டீயை வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அந்தம்மாவுக்கு நாந்தான் ஒன்னோட நோயி. இவருக்கு நாந்தான் மருந்து. ரெண்டு பேருக்கும் நான் மனுசியாத் தெரியல. ஒன்னைப் பின்னாடி வச்சு வண்டி ஓட்டி முதுகு ஒடஞ்சதுதான் மிச்சம்."

"நான் என்னடி பண்ணட்டும்? ஒருத்தரு கொடலை நம்புறாரு, ஒன்னை நம்பல. இன்னொருத்தரு ஒன்னை நம்புறாரு, கொடலை நம்பல. ரெண்டையும் நம்புறதுக்கு ஆளு செஞ்சுதான் வைக்கணும்."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் கிளாஸை வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

அதன்பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இனி நேரில் போய் நிற்பதில்லை, போனிலேயே கேட்டுவிடுவது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேன் சென்டர் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டாள். தீராத நோய் உள்ளவரைப் பார்த்துப் பழக்கம் உண்டா, இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதில் உங்களுக்கு ஏதாவது சங்கடமா, இவ்வளவுதான் கேள்வி. ஒருவர் போனை வைத்துவிட்டார். ஒருவர், "நம்ம பக்கம் அப்படியெல்லாம் யாரும் இல்லீங்களே" என்று இவளிடமே சொன்னார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுவிட்டுக் கடைசியில், "ஆனா நீங்க மாற ஒத்துழைக்கணும்" என்றார். சாயங்காலம் ஸ்கூட்டரில் வரும்போது அவர்களைப்போலவே பேசிக் காட்டுவாள். முதலில் சிரித்தோம். போகப் போகச் சிரிப்பு வரவில்லை.

மதுரையில் இருந்த ஒரு பெண்மட்டும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னாராம். "அந்த நோயப் பத்தி எனக்கு முழுசாத் தெரியாதுங்க. படிச்சிட்டு வாரேன். தப்பாப் பேசுனா அங்கயே நிறுத்துங்க." இரண்டாவது கேள்விக்கு, "பேசறப்ப நீங்களும் கூட உக்காருவீங்களா, இல்ல அவங்க தனியாவா? அதுக்கேத்த மாதிரி நேரம் வச்சுக்கலாம்" என்றாராம். இதைச் சொல்லும்போது இவள் அழுதுவிட்டாள். எனக்கோ கோபம்தான் வந்தது. இவ்வளவு சின்ன விஷயம். இதைச் சொல்ல ஒரு ஆளைத் தேடி இத்தனை மாதம் அலைந்தோமா?

வாரம் ஒருமுறை அவரோடு வீடியோவில் பேசினோம். முதல் நாள் முழுக்க நான் முன்னால் பார்த்த இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு, கீரனூர் ரோட்டில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று கேட்டார். பெட்ரோல் பங்க், இரண்டு ஓட்டல், நார்த்தாமலை பிரிவுக்கு அருகே தெரிந்தவர் வீடு. சொல்லச் சொல்லத்தான் ரோடு நான் பயந்த அளவுக்கு வெட்டவெளி இல்லை என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவளோடு பஸ் ஏறினேன். நார்த்தாமலை வரைக்கும்கூடத் தாங்கவில்லை, வழியிலேயே இறங்கிவிட்டேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை, வெறும் பயம். ரோட்டோரம் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினோம். இப்போது பெரும்பாலான நாட்கள் தனியாகவே போய்விடுகிறேன். புண் கிளம்பும் வாரங்களில் முடியாது. அந்த வாரங்களில் ஸ்கூட்டர்தான்.

போன மாதம் எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர் ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பையனால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கவனம் சிதறுகிற குறைபாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"போற எடமெல்லாம் வளர்ப்பு சரியில்லன்னு என்னயத்தான் திட்டுறாங்க டீச்சர். நீங்க யாருகிட்டயோ பேசறீங்களாமே, சொல்லுங்களேன்."

மதுரைக்காரரைக் கேட்டேன். இப்போதைக்கு இடமே இல்லை, இருந்தாலும் சின்னப் பையனைப் போனில் பார்ப்பது சரிவராது, பக்கத்தில் யாரையாவது பாருங்கள் என்றார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதை அந்த டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன். மூன்றாம் நாள், மதுரைக்காரரிடம் இடமில்லை, பக்கத்தில் நான் பார்த்தவர்கள் யாரும் சரியில்லை என்று சொன்னேன். "மதுரைக்கே கூட்டிட்டுப் போயி வேற யாரையாச்சும் பாக்கலாம்தான், மாசத்துல நாலு நாளு லீவு யாரு குடுப்பா?" என்று கேட்டுவிட்டு, மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போனார்.